ஒரு முறம் தவிடு

சாவடி வாசலில் நின்ற வேப்பமரக் கிளையில் தராசைக் கட்டித் தொங்கவிட்ட அன்றே ஒத்தப்புளி கிராமத்தில் பாதிக் குழந்தைகள் காணாமல் போய்விட்டார்கள். எங்கும் போய்விடவில்லை, அவரவர் வீட்டுக்குள்தான் இருந்தார்கள். அம்மாக்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் உள்ளே விட்டுப் படலைச் சாத்தினார்கள். சாத்திய படலுக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு சாவடியையே பார்த்தார்கள்.

பால்வாடிப் பயிற்சிக்காக வந்திருந்த சந்தனமேரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தையை உட்கார வைப்பதற்கான துணித்தூளி தராசின் கொக்கியில் காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

பஞ்சாயத்து மெம்பர் அய்யாக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"டீச்சரம்மா, கேக்குறேன்னு தப்பா எடுத்துக்கக் கூடாது. புள்ளைய நிறுத்துப் பாத்து என்ன செய்யப் போறீங்க?"

"நல்லா வளருதான்னு பாக்கத்தாங்க."

"வளந்தா நமக்கே தெரியுமே. சட்டை பத்தாமப் போகுமுல்ல?"

"சட்டையே போடாத புள்ளைக்கு என்ன செய்வாரு மெம்பரு?" என்று கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள். சிரிப்பு எழுந்தது. ஆனால் யாரும் ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.

அய்யாக்கண்ணு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளாத்துல பாலம் கட்டுறாங்களாம். தூணு நிக்க மாட்டேங்குதாம். ஒங்களுக்கு ஏதும் தெரியுமா?"

அவர் என்ன கேட்கிறார் என்று சந்தனமேரிக்கு அப்போது விளங்கவில்லை. பக்கத்து ஊரான அரிமளத்தில் அவளோடு தங்கியிருந்த இன்னொரு பயிற்சிப் பெண் இரவுச் சாப்பாட்டின்போது விளக்கினாள். பாலத்துத் தூண் நிற்க வேண்டுமானால் அதன் அடியில் ஒரு பிள்ளையைப் போட வேண்டுமாம். எடை பார்ப்பது அதற்குத்தானாம். மேரி வாய்விட்டுச் சிரித்தாள். ஆனால் படுத்த பிறகு தூக்கம் வரவில்லை.

அறுபத்து மூன்றாம் வருஷம் அது. கிராமங்களில் பால்வாடி திறக்க வேண்டும், அதற்குப் பெண்களைத் தயார் செய்ய வேண்டும் என்று புதுக்கோட்டையில் ஒரு பயிற்சிப் பள்ளி நடந்தது. குழந்தைக்குப் பாட்டுச் சொல்லித்தருவதும் பால் பவுடரைக் கட்டி தட்டாமல் கரைப்பதும் மட்டுமல்ல, குழந்தையின் மனசு என்ன சொல்கிறது என்று பார்ப்பதும் அங்கே ஒரு பாடம். கடைசிக் கட்டமாக ஒவ்வொருத்தியும் ஒரு கிராமத்தில் வேலை பார்த்து, ஒரே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, அதன் போக்கைக் கூர்ந்து கவனித்து, பள்ளித் தலைவி பிரகதாம்பாள் அம்மாளிடம் வந்து சொல்ல வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் சர்டிபிகேட். இல்லையென்றால் சந்தனமேரி வளர்ந்த கன்னியர் மடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். மடத்துச் சலவைக்கூடத்தில் அவளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு என்று சிஸ்டர்கள் அன்பாகத்தான் சொல்லியிருந்தார்கள்.

கைக்குழந்தையாக மடத்து வாசலில் விடப்பட்டவள் அவள். விட்டது யார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் அவள் விதவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறாள். மடத்து அலமாரியில் வேறு தேசத்துக் கதைகளின் தமிழ் மொழிபெயர்ப்புகள் நிறைய இருந்தன. அவற்றில் பனி பெய்யும் ஊர்களில் பிள்ளைகள் தொலைந்தார்கள், திருடப்பட்டார்கள், விற்கப்பட்டார்கள். கடைசி அத்தியாயத்தில் பிள்ளையைத் தேடி ஒரு கோச்சு வண்டி வந்து நிற்கும். மேரி அந்தக் கடைசி அத்தியாயங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படிப்பாள்.

தராசு கட்டிய மறுநாள் சாவடிக்கு ஒரே ஒருத்தி வந்தாள். மூக்காயி. வயல் வேலைக்குப் போகிற வேகத்தில் ஒரு பையனை இழுத்துக்கொண்டு வந்து உள்ளே தள்ளினாள். ஐந்து வயசிருக்கும். கன்னம் நிறையச் சட்டிக் கரி. கிழிந்த கால்சட்டை. மூக்கில் சின்னதாக ஒரு பித்தளை வளையம்.

"பாலு குடுப்பீங்கன்னாங்க. குடுங்க. பொழுது சாய வந்து கூட்டிக்கிறேன்."

"பேரு என்னங்க?"

"குழந்தைசாமி."

"நீங்கதான அம்மா?"

மூக்காயி பட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இல்லீங்க. எம்புள்ளை இல்லை."

"அப்ப யாரு புள்ளை?"

"அந்தா, அழகம்மா வீட்டுது. நான் சும்மா வச்சிருக்கேன்."

சாவடிக்கு எதிர்வீட்டு வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த அழகம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "ஆமாங்க டீச்சர், எங்க வீட்டுதுதான். அவகிட்டக் கெடக்கு."

சொல்லிவிட்டு அவள் மறுபடி குனிந்துகொண்டாள். மூக்காயி பையனை முத்தமிடவில்லை, தலையைக்கூடத் தடவவில்லை. "சனியனே, சண்டை போடாம இரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பையன் அழவும் இல்லை. "சரிக்கா" என்றான்.

ஊரே பாலத்துக்குப் பயந்து பிள்ளைகளைப் பூட்டி வைத்திருக்கிறது. இவள் மட்டும் இப்படித் தள்ளிவிட்டுப் போகிறாளே, சொந்தப் பிள்ளையாக இருந்தால் செய்வாளா? அந்த இடத்தில்தான் சந்தனமேரியின் மனசில் முதல் முள் தைத்தது.

பால் பவுடரின் வாசனை மெதுவாக மற்றப் பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்த்தது. "மாட்டுப் பாலா, என்னத்தோட பாலோ" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மாக்கள் விட்டுவிட்டுப் போனார்கள். தராசைக் கழற்றி உள்ளே வைத்த பிறகு கூட்டம் இன்னும் கொஞ்சம் கூடியது. ஆனால் மேரியின் கண் குழந்தைசாமியைவிட்டு அகலவில்லை. தனக்கு வேண்டிய அந்த ஒரு குழந்தை இவன்தான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அவன் பாலில் பாதியைத்தான் குடிப்பான். சுண்டல் கொடுத்தால் பாதியைத் துண்டு முனையில் முடிந்துகொள்வான். முடிச்சில் ஏற்கெனவே புளியங்கொட்டையும் ஒரு பம்பரமும் இருந்தன. வெளியூர்ப் பயணத்துக்கு மூட்டை கட்டுகிறவன் போல இருந்தது. அரிமளத்துப் பஸ் ஹாரன் தூரத்தில் கேட்டால் விளையாட்டைவிட்டு எழுந்து நிற்பான். அழகம்மாளின் பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலை வாரி வந்தார்கள். இவன் மட்டும் தினமும் கரியோடு வந்தான். திருஷ்டிப் பொட்டு மேரிக்குத் தெரியாததல்ல. ஆனால் இது பொட்டல்ல, கன்னம் முழுக்க அப்பியது. சுத்தம்தான் முதல் பாடம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள்.

சாயங்காலம் வந்த மூக்காயி, துடைத்த கன்னத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"எதுக்குத் தொடச்சீங்க?"

"அழுக்கா இருந்துச்சு, அதான்..."

"அவன் அழுக்காவே இருக்கட்டும்." கீழே குனிந்து மண்ணை எடுத்து அவன் கன்னத்தில் தேய்த்தாள். "இனிமே தொடாதீங்க."

இப்படியும் ஒரு பெண் இருப்பாளா என்று மேரி அரிமளம் வரை யோசித்துக்கொண்டே நடந்தாள்.

'குழந்தை என்ன நினைக்கிறான்னு அவன்கிட்டக் கேட்காதே, விளையாட விட்டுப் பாரு' என்பது பிரகதாம்பாள் அம்மாள் ஓயாமல் சொல்வது. கண்மாயிலிருந்து களிமண் வந்தது. பிள்ளைகள் குதிரை செய்தார்கள், பஸ் செய்தார்கள், மெம்பர் அய்யாக்கண்ணுவையும் அவர் தொந்தியையும் தனித்தனியாகச் செய்தார்கள். குழந்தைசாமி மட்டும் ஒரு குழந்தை பொம்மை செய்து ஓலைத் தட்டில் கிடத்திக் கடை விரித்தான்.

"புள்ளை, புள்ளை! யாருக்கு வேணும் புள்ளை?"

மேரி எதிரில் உட்கார்ந்தாள். "என்ன வெலைங்க?"

"ஒரு மொறம் தவுடு."

"அவ்வளவுதானா?"

"ஆமா. என்னையும் அப்புடித்தான் வாங்குனாங்க." அவன் பொம்மையின் மூக்கை நகத்தால் சரி செய்தான். "ஊர்ல எல்லாருக்கும் தெரியும். அழகம்மா வீட்டுப் பயலுக கேலி பண்ணுவானுக."

மேரி இன்னும் முன்னால் நகர்ந்தாள். "யாரு வித்தாங்க உன்னை?"

"தெரியலை." பொம்மையை வைத்துவிட்டு அவளை நன்றாக நிமிர்ந்து பார்த்தான். "டீச்சர், நீங்க யாரையாச்சும் தேடி வந்தீங்களா?"

அந்தக் கேள்வி மேரிக்குப் புதிதல்ல. மடத்துக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும், காய்கறிக்காரியிடம்கூட, அவள் இதையே கேட்டிருக்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டு எல்லோரும் போனார்கள். அந்த 'இல்லை' எப்படி விழும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவள் இல்லை என்று சொல்லவில்லை. சிரித்துவிட்டு, "பால் ஆறிடும், குடி" என்றாள்.

அவன் அன்றைக்கு முழுப் பாலையும் குடித்தான்.

அடுத்த நாள் அவள் மூக்காயியின் வீட்டுக்குப் போனாள். மூக்காயி வாசல் படலைத் திறக்கவில்லை. அதன்மேல் இரு கையையும் ஊன்றி நின்றுகொண்டாள்.

"ஒங்க வீட்டுக்காரர் இல்லீங்களா?"

"கீரனூர்ப் பக்கம் கல்லொடைக்கப் போயிருக்காரு. எதுக்கு?"

"பையன் ராத்திரி நல்லாத் தூங்குறானா? வீட்ல சரியாச் சாப்பிடுறானா?"

"அத வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"அவன் மனசுல ஏதோ இருக்குங்க. எப்ப ஒங்ககிட்ட வந்தான்? எந்த ஊர்லேருந்து?"

மூக்காயியின் கண்கள் சுருங்கின. "நீங்க எந்த ஊரு? மொதல்ல அதச் சொல்லுங்க."

"நான் திருச்சிப் பக்கம்..."

"ஒங்க சனம் யாரு? யாரு வீட்டுப் பொண்ணு?"

மேரி குனிந்து சேலைத் தலைப்பைச் சரி செய்தாள். அதுவே போதுமாக இருந்தது மூக்காயிக்கு. "சொல்ல மாட்டீங்க. ஆனா நான் மட்டும் சொல்லணும். போங்க டீச்சர். பாலு குடுக்குறதோட நிறுத்திக்குங்க."

தெருவில் திரும்பி நடக்கும்போது வீட்டுக்கு வீடு பேச்சு நின்றது. மேரி கடந்து போன பிறகு மறுபடி தொடங்கியது. இந்த ஊரே சேர்ந்து எதையோ மறைக்கிறது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

மாதக் கூட்டத்துக்குப் புதுக்கோட்டை போனபோது அவள் பிரகதாம்பாள் அம்மாளிடம் சொன்னாள். இரண்டு நாளாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததால் தடங்கல் இல்லாமல் வந்தது. வளர்க்கிறவளே தன் பிள்ளை இல்லை என்கிறாள். அழகம்மாள் என்று ஒருத்தி தன்னுடையது என்கிறாள், ஆனால் வைத்துக்கொள்வதில்லை. வளர்க்கிறவள் பிள்ளைக்குக் கரி பூசி அடையாளம் தெரியாமல் வைத்திருக்கிறாள். தன்னை விலைக்கு வாங்கினார்கள் என்று அவனே சொல்கிறான்.

தவிட்டை மட்டும் அவள் சொல்லவில்லை. உண்மையையும் குழந்தையின் கற்பனையையும் கலக்கக் கூடாது என்று பாடத்தில் இருந்தது. ஒரு பிள்ளையை யாராவது தவிட்டுக்கு விற்பார்களா? அது விளையாட்டில் வந்த பேச்சு, சொன்னால் மேடம் சிரிப்பார் என்று விட்டுவிட்டாள்.

பிரகதாம்பாள் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "தன் வாயால இல்லேன்னாளா?"

"அந்த அழகம்மா முன்னாலயே சொன்னாங்க மேடம்."

"சரி. வெள்ளிக்கிழமை ஜீப் கேட்டிருக்கேன். நானே வரேன். நிஜமா இருந்தா பிள்ளையை இங்க ஹோமுக்குக் கொண்டுவந்துடலாம், பிறகு விசாரிக்கட்டும்." எழுந்தவர் நின்றார். "நல்லாக் கவனிச்சிருக்கே மேரி."

அந்தப் பாராட்டு பஸ்ஸில் வரும்போது அவள் மடியில் சூடாக உட்கார்ந்திருந்தது. கோச்சு வண்டிக்குப் பதிலாக ஜீப். அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ஜீப் கண்மாய்க்கரை ஏறியதுமே ஊர் கூடிவிட்டது. "நான் அப்பவே சொன்னேன், பாலத்துக்குத்தான்னு" என்று ஒரு குரல். அய்யாக்கண்ணு சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், சர்க்கார் ஜீப்புக்கு மரியாதையாக. பெண்கள் மூக்காயியைச் சுற்றி நெருக்கமாக நின்றார்கள். குழந்தைசாமி சாவடி வாசலில் துண்டு மூட்டையோடு நின்றான். அவன் யாரையும் பார்க்கவில்லை. ஜீப்பின் சக்கரத்தை மட்டும் பார்த்தான்.

பிரகதாம்பாள் அம்மாள் நேராகவே கேட்டார். "இந்தப் பையன் உன் வயித்துல பொறந்தவனா, இல்லையா?"

மூக்காயி ஊருக்கு மேற்கே ஐயனார் கோயில் தோப்பு இருந்த திசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு பையனை. அவனும் இப்போது அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லீங்க" என்றாள்.

"சத்தமாச் சொல்லு."

"எம்புள்ளை இல்லீங்க!"

குழந்தைசாமி தலையை ஆட்டிக்கொண்டான், தெரிந்த விஷயத்தைக் கேட்டவன் போல. நடந்து வந்து மேரியின் சேலைத் தலைப்பைப் பிடித்தான். "போவமா டீச்சர்?"

"அவனை விடுங்க!" என்று அழகம்மாள் முன்னால் பாய்ந்து வந்தாள். "நாந்தாங்க வாங்குனேன். எங்கிட்டக் கேளுங்க."

"வாங்கினியா? என்ன குடுத்து?"

அழகம்மாள் மூக்காயியைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு சொன்னாள்: "ஒரு மொறம் தவுடு."

பிரகதாம்பாள் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இவனுக்கு முன்னால?" என்று மெதுவாகக் கேட்டார்.

அழகம்மாள் இரண்டு விரலைக் காட்டினாள்.

மேடம் மேரியைக் கையைப் பிடித்து வேப்பமரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனார். "தவிடுன்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் ஜீப்பே கேட்டிருக்க மாட்டேனே! ஏன் சொல்லலே?"

"கொழந்தை வெளையாட்டுல சொன்னான் மேடம். கற்பனைன்னு நெனச்சு..."

"அடிப் பொண்ணே, எந்த வீட்டுலயும் சொல்ற பேச்சாச்சே இது. உன் வீட்டுல யாரும் உன்னை..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பிறகு வேறு குரலில் சொன்னார்: "முதல் ரெண்டும் தங்கலே. மூணாவதை எமன் கண்ணுல படாம ஏமாத்தணும். பொறந்ததும் முறத்துல போட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தவிட்டுக்கு வித்துடறது. இது எம்புள்ளை இல்லே, ஒண்ணுக்கும் ஆகாத புள்ளைன்னு ஊருக்கே சொல்றது. மூக்கு குத்தறது, கரி பூசறது எல்லாம் அதுக்குத்தான். எங்க வீட்டுலயே அப்படிப் பிச்சைன்னு பேர் வச்ச பையன் உண்டு. இப்ப மெட்ராஸ்ல வக்கீல். கோர்ட்டுல எல்லாரும் பிச்சை சார்னுதான் கூப்பிடறா."

"எதுவரைக்கும் மேடம் இப்படி?"

அதற்குள் அய்யாக்கண்ணு மரத்தைச் சுற்றி வந்து நின்றிருந்தார். "ஐயனாருக்கு மண்குதிரை செஞ்சு புரவி எடுக்குறப்ப மண்ணுல மதலை செஞ்சு வைக்கணுங்க, புள்ளை உருவம். வச்சுட்டா அப்புறம் அவ மகன்தான். ஆனா மொதல் மரியாதை மேலத்தெருவுக்கா கீழத்தெருவுக்கான்னு தகராறு. புரவி எடுத்து வருசக்கணக்காச்சு." அவர் செருமினார். "நான் கீழத்தெரு."

"அதுவரைக்கும் பையன்கிட்ட யாருமே சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னா எமனுக்குப் போட்ட கட்டு அறுந்துபோகுமே டீச்சரம்மா. பெத்தவ தன் வாயால மகன்னு சொல்லவே கூடாது. ஒங்களுக்கு ஒண்ணுமே தெரியலையே!"

மேரி திரும்பினாள். குழந்தைசாமி ஜீப்பின் பின்சீட்டில் ஏறி, மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். மூக்காயி பத்தடி தள்ளி நின்றாள். கிட்டப் போகவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. இனி இவனை யாரும் கொண்டுபோகப் போவதில்லை. ஆனால் அவன் மனசுக்குள் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டான். புறப்பட வைத்தது யார் என்று மேரிக்குத் தெரிந்தது.

அவள் ஜீப்பின் அருகே போனாள்.

"எறங்குடா. ஜீப்பு உன்னை எங்கயும் கூட்டிக்கிட்டுப் போகலை."

"ஏன்?"

"நான் ஒன்னைத் தேடி வரலை. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. "அப்ப யாரைத் தேடி வந்தீங்க?"

"யாரையும் இல்லை. நான் படிக்க வந்தேன்."

"அப்ப என்னையத் தேடி யாரு வருவா?"

இதற்குத் தனக்கும் யாரும் பதில் சொன்னதில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. அவள் கையை நீட்டினாள். "வா, கடை வைப்போம்."

அவன் வெகு நேரம் யோசித்தான். பிறகு மூட்டையை விடாமலேயே இறங்கினான்.

சாவடிக்குள் இருவரும் ஓலைத் தட்டை விரித்தார்கள். களிமண் குழந்தை காய்ந்து லேசாக வெடித்திருந்தது. அவன் கூவவில்லை. தட்டை முன்னால் தள்ளிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். வாசலில் மூக்காயியின் நிழல் விழுந்தது. அவளுக்குப் பின்னால் அழகம்மாள், மேடம், அதற்கும் பின்னால் பாதி ஊர்.

"ஏங்க கடைக்காரரே," என்றாள் மேரி, "இவ்வளவு நல்ல புள்ளைய எதுக்கு விக்கிறாங்க?"

"அவங்களுக்குப் புடிக்கலை."

"அப்படியா சொன்னாங்க?"

"புடிச்சா விப்பாங்களா?"

வாசலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது. மேரி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "வெளிய யாரோ நிக்கிறாங்க. வாங்குறவங்களா, வித்தவங்களான்னு தெரியலை. உள்ள வரச் சொல்லுவமா? வெளையாட்டுக்குத்தான்."

மூக்காயி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "வெளையாட்டுன்னா..."

"வெளையாட்டுதாங்க. பொம்மை பேசும், நாம பேச வேணாம்."

"சாமி கணக்குல வராதா?"

மேரிக்கு அது தெரியாது. எந்தப் பாடத்திலும் அது இல்லை. அவள் வாசலைப் பார்த்தாள். பிரகதாம்பாள் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழகம்மாள்தான் அதட்டினாள். "பொம்மை சொன்னதுக்கெல்லாம் ஐயனாரு ஒன்னைய வந்து கேக்கப்போறாரா? உக்காருடி!"

மூக்காயி உட்கார்ந்தாள். மேரியை நம்பாமல் ஒருமுறை பார்த்துவிட்டு, களிமண் குதிரை ஒன்றை எடுத்தாள். அதைக் கீழே வைத்துவிட்டுப் பஸ்ஸை எடுத்தாள். கடைசியில் அய்யாக்கண்ணு பொம்மையை எடுத்துத் தட்டின் ஒரு பக்கம் நிறுத்தினாள். "இது எமன்." வெளியே யாரோ சிரித்து அடங்கினார்கள். ஒரு சின்னக் குச்சியை எடுத்தாள். "இது ஒருத்தி."

அவள் குரல் வெளியே கேட்காத அளவுக்கு இறங்கியது.

"அந்த ஒருத்திக்கு ஒரு புள்ளை பொறந்துச்சு. இவன் வந்து தூக்கிக்கிட்டுப் போயிட்டான். இன்னொண்ணு பொறந்துச்சு. அதையும் தூக்கிட்டான். மூணாவதா ஒண்ணு." அவள் விரல் களிமண் குழந்தையின் வயிற்றைத் தொட்டு நின்றது. "அந்தா வாரான் படுபாவி. இவ என்ன செஞ்சா தெரியுமா? மொறத்துல போட்டு, இது ஒண்ணுக்கும் ஆகாது, கருவாயன், தவுட்டுக்குக்கூட ஆகாதுன்னு கத்திக்கிட்டே பக்கத்து வீட்டுல போட்டுட்டா. எமன் வந்து கேட்டான், எங்கடி புள்ளை? புள்ளையா, எனக்கு ஏது புள்ளைன்னுட்டா."

"அவன் நம்பிட்டானா?" என்று குழந்தைசாமி கேட்டான்.

"தெனமும் வந்து கேக்குறான். தெனமும் இல்லைன்னு சொல்றா."

"பொய்யா?"

மூக்காயி குச்சியை எடுத்துக் களிமண் குழந்தையின் பக்கத்தில், ஒட்டினாற்போல் படுக்க வைத்தாள்.

பையன் அதைப் பார்த்தான். எமனைப் பார்த்தான். துண்டு முடிச்சை அவிழ்ப்பதா வேண்டாமா என்பதுபோல் அதைத் திருகினான். "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பச் சொல்லணும்ல? எமன் கேக்காம, காதுல."

மூக்காயி குனிந்து களிமண் குழந்தையைக் கையில் எடுத்தாள். காதோடு வாய் வைத்து என்னவோ சொன்னாள். பக்கத்தில் இருந்த மேரிக்குக்கூடக் கேட்கவில்லை. அது நீண்ட நேரம் நடந்தது. பையன் தன் காதையும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பொம்மைக்கு அருகே கொண்டுபோய் வைத்துக்கொண்டான்.

ஜீப் புறப்படும் முன் பிரகதாம்பாள் அம்மாள் மேரியைக் கூப்பிட்டார். முகத்தில் கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை.

"இன்னும் ஒரு மாசம் இங்கேயே இரு. அவனைப் பாத்துட்டு வந்து சொல்லு. இந்தத் தடவை எதையும் விட்டுடாம."

"சர்டிபிகேட் மேடம்?"

"சொன்னப்புறம் பாப்போம்."

மறுநாள் காலையில் மூக்காயி வழக்கம்போல் வந்தாள். பையனின் கன்னம் நிறையக் கரி. மேரி ஈரத்துணியை எடுக்கவில்லை.

"எம்புள்ளை இல்லீங்க," என்றாள் மூக்காயி, வேப்பமரத்துக்கும் கேட்கிற மாதிரி. "அழகம்மா வீட்டுது."

"ஆமாங்க டீச்சர்," என்று குழந்தைசாமி அவளைவிடச் சத்தமாகச் சொன்னான். "நான் ஒண்ணுக்கும் ஆகாத பய. தவுட்டுக்கு வாங்குனது." சொல்லிவிட்டு வானத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். சிரிப்பை அடக்க முடியாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினான். தோளில் துண்டு வெறுமனே கிடந்தது. முடிச்சு இல்லை.

மூக்காயி போகவில்லை. வேப்பமர வேரில் உட்கார்ந்து அரிவாளைப் பக்கத்தில் வைத்தாள்.

"வேலைக்குப் போகலீங்களா?"

"போவேன்." அவள் கண் மேரியின்மேலேயே இருந்தது. "ஒங்க ஆத்தா எங்க இருக்காங்க?"

"தெரியாதுங்க. வாசல்ல விட்டுட்டுப் போயிட்டாங்களாம். எனக்கு யாரும் இல்லை."

மூக்காயி அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அரிவாள் பிடியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள்.

"எனக்கு யாரும் இல்லைன்னு சொல்லணும்னு யாரும் ஒங்களுக்குக் கட்டு போட்டிருக்காங்களா?"

மேரி வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். எது நிஜம் என்று எப்படித் தெரியும்?

"தெரியலீங்க" என்றாள்.

"ம்." மூக்காயி காலை நீட்டி இன்னும் வசதியாக உட்கார்ந்தாள். "எமன் கேட்டு வந்தா இல்லைன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல, எதுக்கும் மத்தியானம் வரைக்கும் நான் இங்கனயே ஒக்காந்திருக்கேன். நீங்க போயி பாலக் கரைங்க."